மருமகள் ஐ.பி.எஸ்.

விஜய் தொலைக்காட்சியில் 2020 ஒக்டோபரில் தொடங்கி 2023 மார்ச்சில் முடிந்த 'ராஜா ராணி 2'ஐ யாரும் பொலிஸ் நாடகம் என்று சொல்வதில்லை. குடும்ப நாடகம் என்பார்கள். ஆனால் கதை என்ன என்று கேட்டால், பொலிஸ் அதிகாரியாக வேண்டும் என்று ஆசைப்பட்ட ஒரு பெண்ணின் கதை என்றுதான் பதில் வரும். சந்தியா படித்தவள், பெற்றோரை இழந்தவள். ஐ.பி.எஸ். கனவோடு இருந்தவளை இனிப்புக்கடை வைத்திருக்கும் சரவணனுக்குக் கட்டிக்கொடுக்கிறார்கள். அவன் அதிகம் படிக்காதவன், ஆனால் தங்கமானவன். மாமியார் சிவகாமிக்கோ படித்த மருமகள் என்றாலே ஆகாது. இரண்டரை வருடத்தில் எத்தனையோ கெட்டவர்கள் வந்தார்கள், பிடிபட்டார்கள், போனார்கள். சந்தியாவுக்கு அவர்களெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அவளுக்குத் திறக்காமல் கிடந்தது மாமியாரின் சமையலறைக் கதவு ஒன்றுதான். பெரிய பரீட்சை எழுதித் தேறுவதைவிட, வாசலில் நிற்கும் மாமியாரைத் தாண்டி வெளியே போவது கடினம் என்பதே கதையின் கொக்கி. இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டனுக்கும் நடுவில் ரயில் நின்று போகும் வட்டகொடை போன்ற ஊர்களில் லயத்துக் கூரைகளில் டிஷ் முளைத்து வெகுகாலமாகிவிட்டது. நாள் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு வருகிறவர்கள் இரவில் பார்ப்பதும் இப்படிப்பட்ட கதைகளைத்தான். அதனால் இந்தக் கதைகள் பொலிஸையும் குடும்பத்தையும் எப்படி முடிச்சுப் போடுகின்றன என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது வீண் வேலை ஆகாது.

நீதிக்கும் சொந்த இரத்தத்துக்கும் நடுவில் நிற்பவனின் கதை நமக்குப் புதிதில்லை. கன்றுக்குட்டியின் மேல் தேரை ஏற்றிய மகனை அதே தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனைப் பெரியபுராணம் பாடுகிறது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் அவனுக்குச் சிலையும் இருக்கிறது. இலங்கையில் இதே கதை எல்லாளனுடையது. அதைச் சொல்வதோ மகாவம்சம். மணி, கன்றை இழந்த பசு, ஒரே மகன், தேர்ச்சக்கரம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. துட்டகைமுனுவின் எதிரியாக எல்லாளனைக் காட்டும் அந்த நூலே அவனுடைய நடுநிலையை மறைக்காமல் எழுதி வைத்தது என்றால், இந்தக் கதைக்கு எவ்வளவு இழுப்பு இருந்திருக்க வேண்டும்! அந்த அரசனுக்குக் காக்கி மாட்டிவிட்டால் 1974இல் வந்த 'தங்கப்பதக்கம்' கிடைத்துவிடும். முதலில் மேடையில் நாடகமாக நடந்து, பிறகு படமானது. கதை மகேந்திரனுடையது, இயக்கம் பி.மாதவன். எஸ்.பி. சௌத்ரியாக வரும் சிவாஜி கணேசன், வழிதவறிப்போன தன் மகன் ஜெகனைக் கடைசியில் தன் கையாலேயே சுடுகிறார். பதக்கம் கிடைக்கிறது. சௌத்ரி என்ற ஒரு பாத்திரத்தால் தமிழ்த் திரையின் பொலிஸ்காரனுக்கு நடை, பார்வை, விறைப்பு எல்லாம் அமைந்துவிட்டன. அவனுக்கு வைக்கும் பரீட்சையும் அப்போதே முடிவாகிவிட்டது: கடமை வரும்போது வீட்டை விட்டுக்கொடுப்பானா?

அந்தப் படத்தில் சௌத்ரி விட்டுக்கொடுப்பதை எல்லோரும் பார்க்கிறோம். அதற்கு விலை கொடுப்பது யார் என்பதைக் கவனிப்பவர்கள் குறைவு. மகனுக்கும் கணவனுக்கும் நடுவில் தேய்ந்து தேய்ந்து போகிறவள் மனைவி. கே.ஆர்.விஜயா அதை நடித்த விதத்தில் சத்தமே இருக்காது. அவள் இறக்கும்போதும் கணவன் கடமையில் இருக்கிறான். மருமகளும் தன் கணவனை விட்டு மாமனாரின் நியாயத்தின் பக்கம் நிற்கிறாள். ஆக, ஆண் அதிகாரி குடும்பத்தைத் துறப்பதற்கு வீட்டில் இரண்டு பெண்கள் அந்தக் குடும்பத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. அவன் துறவு அவர்கள் பொறுமையில் நடக்கிறது. அதே காக்கியைப் பெண் போட்டால் இந்தக் கணக்கு என்ன ஆகும்? வீட்டில் பொறுமையாக இருக்க யார் மிச்சம்? சினிமாவில் இந்தக் கேள்வி எப்போதாவது எழுந்து மறைந்தது. அதை எடுத்து வருடக்கணக்கில் இழுத்தது தொலைக்காட்சி நாடகம்.

முதலில் எழுப்பியது தூர்தர்ஷன். 1989இல் ஒளிபரப்பான 'உடான்' என்ற ஹிந்தித் தொடரை எழுதி, இயக்கி, கல்யாணி சிங் என்ற பாத்திரத்தில் நடித்தவர் கவிதா சௌத்ரி. கதை அவருடைய அக்கா காஞ்சன் சௌத்ரி பட்டாச்சார்யாவின் வாழ்க்கையிலிருந்து வந்தது. 2004இல் உத்தராகண்ட் மாநிலத்தின் பொலிஸ் தலைமைப் பொறுப்பை ஏற்று, இந்தியாவில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான். சொத்துத் தகராறில் தந்தை அடிபட்டபோது வழக்குப் பதியப் பொலிஸ் தயங்கியதுதான் தன்னை இந்த வேலைக்குத் தள்ளியது என்று அவரே சொல்லியிருக்கிறார். கவனித்துப் பாருங்கள், இங்கேயும் குடும்பப் பாசம்தான் கதையின் விசை. ஆனால் அது பிறந்த வீட்டுப் பாசம். தந்தைக்கு நேர்ந்த அவமானத்தைத் துடைக்க மகள் படிக்கிறாள். வீடு அவளை வெளியே அனுப்பி வைக்கிறது. இருபத்திரண்டு வருடம் கழித்து, 2011இல், ஸ்டார் பிளஸில் 'தியா அவுர் பாத்தி ஹம்' வருகிறது. அதே ஐ.பி.எஸ்., அதே கனவு. ஆனால் மகள் மருமகளாகிவிட்டாள். புஷ்கரில் ஒரு இனிப்புக்கடைக்காரனின் வீட்டில் கால் வைத்த சந்தியா, அந்த வீட்டுச் சம்பிரதாயங்களில் தேறிய பிறகே கனவைப் பற்றி வாய் திறக்கலாம். தொடர் ஆயிரத்து நானூறு பாகங்களைத் தாண்டி 2016வரை ஓடியது. 'என் கணவன் என் தோழன்' என்று தமிழ்க் குரலில் விஜய் தொலைக்காட்சிக்கு வந்தது. மலையாளத்தில் 'பரஸ்பரம்' ஆனது. பிறகு 'ராஜா ராணி 2' ஆக மறுபடியும் தமிழுக்கு வந்தது. தமிழ்ப் பெயரையே பாருங்களேன். ஐ.பி.எஸ். ஆகப்போகிறவளின் கதைக்கு வைத்த தலைப்பில் அவளைக் காணோம், கணவன் இருக்கிறான்.

கணவன் நல்லவனாக இருப்பதில் என்ன குறை என்று கேட்கலாம். குறையே இல்லை. மனைவி படிப்பதற்காகத் தானே அடுப்படியில் நிற்கும் சரவணனைப் போன்ற ஓர் ஆணைத் தமிழ்த் தொலைக்காட்சி அதற்கு முன் அதிகம் காட்டியதில்லை. அந்தப் பெருமையை இந்த வகைத் தொடர்களுக்குக் கொடுத்தே ஆக வேண்டும். என் சந்தேகம் வேறு இடத்தில் இருக்கிறது. இந்தக் கதைகளின் முடிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'தங்கப்பதக்க'த்தில் சௌத்ரி மனைவியும் மகனும் இல்லாமல் தனியாக நிற்கிறார், அந்தத் தனிமைதான் அவருடைய உயரம். ஹிந்தித் தொடரின் சந்தியா நாட்டுக்காக உயிரை விடும்போது கணவனும் கூடவே சாகிறான். மலையாளத்து தீப்தி ஐ.பி.எஸ்., 2018 ஓகஸ்டில், வெடிகுண்டு மாத்திரை விழுங்க வைக்கப்பட்டு, மற்றவர்களுக்கு ஆபத்து வராமல் படகில் விலகிப்போய் வெடித்துச் சாகிறாள். அங்கேயும் கணவன் கூட இருக்கிறான். கேரளம் முழுக்க அந்தக் காட்சியைப் பார்த்துச் சிரித்துத் தீர்த்தது, மீம்ஸ் போட்டே ஓய்ந்தது. சிரித்தவர்கள் ஒன்றைத் தவறவிட்டார்கள் என்று நினைக்கிறேன். ஆண் அதிகாரி தனியாக வாழலாம். பெண் அதிகாரியைத் தனியாகச் சாகவும் விடமாட்டார்கள். ஒரே காக்கிக்கு இரண்டு அளவு எடுத்துத் தைக்கிறார்கள். ஆணுக்குக் குடும்பத்தை விடுவது தகுதி. பெண்ணுக்கு அதை விடாதிருப்பதே தகுதி.

இது நம்முடைய பழமை மட்டும்தானா? அமெரிக்காவில் சி.பி.எஸ். தொலைக்காட்சி 2010 முதல் 2024 டிசம்பர்வரை 14 பருவம் ஒளிபரப்பிய 'புளூ பிளட்ஸ்' தொடரும் குடும்பப் பொலிஸ் கதைதான். தாத்தா முன்னாள் நியூயோர்க் பொலிஸ் ஆணையாளர், அப்பா ஃபிராங்க் ரேகன் இந்நாள் ஆணையாளர், ஒரு மகன் துப்பறிவாளர், இன்னொரு மகன் சீருடைப் பொலிஸ், மகள் எரின் அரச தரப்பு வழக்கறிஞர். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டுச் சாப்பிடுவார்கள். எந்தப் பாகத்தைப் போட்டாலும் அந்தச் சாப்பாடு வந்துவிடும். அந்தத் தொடர் பொலிஸ் அத்துமீறல்களைப் பூசி மெழுகியது என்று அங்கே விமர்சனம் உண்டு, அது நியாயமான விமர்சனமே. ஆனாலும் அந்த மேசையில் ஒரு சங்கதி நடக்கிறது. சகோதரன் பிடித்துவந்த வழக்கில் சாட்சியம் போதாது என்று எரின் சொல்லுவாள். குரல் உயரும். உருளைக்கிழங்குப் பாத்திரம் கைமாறும். சண்டை முடியாமலே சாப்பாடு முடியும். அவள் உட்கார்ந்துகொண்டு பேசுகிறாள் என்பதுதான் என் கண்ணில் படுகிறது. நம் நாடகத்து வீடுகளிலும் எட்டுப் பேர் உட்காரும் பெரிய மேசை உண்டு. வீட்டு ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள், மாமியார் தலைமாட்டில், மருமகள் கரண்டியோடு நின்றுகொண்டிருப்பாள். பேச்சில் ஒரு குத்தல் விழும்போது கமரா மூன்று முறை அவள் முகத்துக்குப் போகும். அவள் பேசமாட்டாள், இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றுவாள். விசுவாசம் இரண்டு மேசைகளிலும் இருக்கிறது. உட்கார்ந்தவளின் விசுவாசமும் நிற்பவளின் விசுவாசமும் ஒன்றாகுமா?

இங்கே ஒரு கனமான மறுப்பு எழும். மலையகத்தில் இருந்துகொண்டு குடும்ப விசுவாசத்தைக் குறைசொல்லலாமா என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி. 1948இன் குடியுரிமைச் சட்டம் எங்கள் மக்களை நாடற்றவர்களாக்கியது, அடுத்த வருடம் வாக்கும் போனது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைப் பிரித்து ஒரு பகுதியைக் கடல்கடந்து அனுப்பியது. எஞ்சியிருந்தவர்களின் குடியுரிமைச் சிக்கல் 2003இன் சட்டம் வரை இழுபட்டது. அரசு கைவிட்ட அந்த அரை நூற்றாண்டில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டதும், செத்தவரைத் தூக்கியதும், கடன் கொடுத்ததும் சொந்தபந்தம்தான். லயத்து மைதானத்தில் விடிய விடிய ஆடிய பொன்னர் சங்கர் கூத்தும் கூடப்பிறந்தவர்களின் விசுவாசத்தைத்தான் பாடியது. ஆகவே தொலைக்காட்சி வந்துதான் எங்களுக்குக் குடும்பப் பற்றைக் கற்றுத் தந்தது என்று சொல்ல முடியாது. பற்று முன்பே இருந்தது, அது பிழைப்பாகவும் இருந்தது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பிழைப்புக்கு இன்னொரு முகம் இருக்கிறது. லயக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. பெரும்பாலும் அதற்கு உறுதிப்பத்திரம் கிடையாது. குடும்பத்தில் யாராவது தோட்டத்தில் வேலை செய்தால்தான் குடியிருப்பு. புகுந்த வீட்டை விட்டு வெளியேறும் பெண்ணுக்கு நாடகத்துப் பெட்டி தூக்கும் காட்சி பொருந்தாது, போவதற்கு இன்னொரு கூரை வேண்டுமே! சுவருக்குச் சுவர் ஒட்டிய லயத்தில் ஒரு வீட்டில் அடி விழுந்தால் ஐந்து வீட்டுக்குக் கேட்கும். விடிந்தால் இஸ்தோப்பில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. 'குடும்ப விசயம்' என்ற இரண்டு சொல் போதும். விசுவாசம் என்று நாம் பெருமையாகச் சொல்வதில் எவ்வளவு பாசம், எவ்வளவு வேறு வழியில்லாமை என்று பிரித்துப் பார்க்காமல் அதைக் கொண்டாடுவது எனக்குச் சரியாகப்படவில்லை.

இந்த இடத்தில்தான் பொலிஸ் நாடகத்தின் மேல் என் முதன்மையான குற்றச்சாட்டு. குடும்பத்தை அது மதிக்கட்டும். குற்றவாளிக் கூண்டில் குடும்பத்தை ஒருநாளும் ஏற்றுவதில்லையே, ஏன்? மாமியார் கொடுமை செய்வாள், ஓரகத்தி சதி செய்வாள், கொழுந்தன் காசைத் திருடுவான். அத்தனையும் சட்டப்படி முறைப்பாடு எழுதக்கூடிய காரியங்கள். வீட்டுக்குள்ளேயே ஒரு பொலிஸ் அதிகாரியோ, ஆகப்போகிறவளோ இருக்கிறாள். ஆனாலும் அது பூசையறை முன்னால் கண்ணீரோடு தீரும், மன்னிப்போடு முடியும். சட்டம் வெளியாட்களுக்கு மட்டும் பாயும். மனுநீதியின் கதையில்கூட குற்றவாளி வீட்டுப் பிள்ளை. நம் நாடகம் அந்தப் பழைய கதைக்கும் பின்னால் போய்விட்டது. இதைத் திருப்பிப்போட்ட ஒரு தமிழ்த் தொடர் உண்டு. புஷ்கர்-காயத்ரி உருவாக்கி, பிரம்மாவும் அனுசரணும் இயக்கி, 2022இல் அமேசான் பிரைமில் வந்த 'சுழல்'. பார்க்காதவர்கள் அடுத்த ஐந்து வாக்கியத்தைத் தாண்டிவிடுங்கள். மயானக் கொள்ளைத் திருவிழா நடக்கும் ஊரில் ஒரு பெண்பிள்ளை காணாமல் போகிறாள். விசாரிக்கும் இன்ஸ்பெக்டர் ரெஜினாவின் மகனும் அந்த வழக்குக்குள் இருக்கிறான். எட்டுப் பாகம் ஊர் முழுக்கச் சந்தேகத்தைச் சுற்றவிட்டு, கடைசியில் கதை அந்தப் பிள்ளையின் வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கிறது. அவளையும் அக்காவையும் சிறுவயதிலிருந்தே சிதைத்தவன் தந்தையுடன் பிறந்தவன். 'வீட்டு ஆள்' என்ற நம்பிக்கையே அவனுக்கு மறைவிடமாக இருந்திருக்கிறது. அந்தத் தொடரிலும் குறைகள் உண்டு. முடிச்சுகள் சில இடங்களில் வலிந்து போட்டவை. ஆனால் குடும்பம் என்ற சொல்லைக் கேட்டதும் பொலிஸ்காரர் எழுந்து வெளியே போய்விடாத அபூர்வமான தமிழ்க் கதைகளில் அது ஒன்று.

நாடகம் நாடகம்தானே, அதைப் பார்த்து யாராவது முறைப்பாடு கொடுக்காமல் இருப்பார்களா என்று ஒருவர் மடக்கலாம். ஒரு நாடகம் ஒருத்தியைத் தடுத்தது என்று என்னால் சொல்ல முடியாது, சொல்லவும் இல்லை. சந்தியாவைப் பார்த்துவிட்டு 'நானும் பொலிஸ் ஆவேன்' என்று நினைத்த பிள்ளைகள் இருக்கக்கூடும். அந்த நினைப்பு நல்லது. ஆனால் நாடகத்தின் வேலை ஒரே இரவில் நடப்பதில்லை. வருடக்கணக்கில், வாரத்துக்கு ஐந்தாறு நாள், ஒரே தீர்வை அது காட்டிக்கொண்டிருக்கிறது. பொறுத்துப் போ, உன் நல்ல குணம் ஒருநாள் மாமியாரை மாற்றும். சிவகாமி மாறுவாள், எழுத்தாளர் அவளை மாற்றித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் தொடர் முடியாது. லயத்தில் இருக்கும் மாமியாருக்கோ குடிகாரக் கணவனுக்கோ அப்படி ஓர் எழுத்தாளர் இல்லை. இன்னொன்றும் நடக்கிறது. நாடகத்துப் பொலிஸ் தமிழ் பேசுகிறது, மருமகளாக இருக்கிறது, நெற்றியில் பொட்டு வைத்திருக்கிறது. நியாயம் வேண்டுமானால் பொலிஸில் நமக்கு ஓர் உறவு இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை அது சத்தமில்லாமல் உறுதி செய்கிறது. உறவு இல்லாதவள் என்ன செய்வாள் என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை.

உறவு இல்லாதவளுக்குச் சட்டம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, பாதிக்கப்பட்டவள் தானே நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், அவளுக்காகப் பொலிஸ் அதிகாரியும் கேட்கலாம். பொலிஸ் நிலையங்களில் பெண்கள், சிறுவர் பிரிவு இருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவின் மேசைக்கு முன்னால் ஒரு தோட்டத்துப் பெண் உட்காரும் காட்சியை நினைத்துப் பாருங்கள். அவள் தமிழில் சொல்கிறாள். எதிரில் இருப்பவருக்குத் தமிழ் அரைகுறை. கூட வந்த யாரோ ஒருவர், பல நேரம் அவள் வீட்டு ஆளே, இடையில் நின்று மொழிபெயர்க்கிறார். 'அடித்தார்' என்பது இரண்டு வாயைக் கடக்கும்போது 'சண்டை வந்தது' ஆகிவிடுகிறது. பெரிய புத்தகத்தில் சிங்களத்தில் எழுதப்படுகிறது. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே அவள் கையெழுத்து வைக்கிறாள். இது இன்று நேற்றுக் கண்டுபிடித்த குறையும் கிடையாது. கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011இல் தந்த அறிக்கையே, பொலிஸ் நிலையங்களில் இரு மொழியும் தெரிந்த அதிகாரிகள் 24 மணி நேரமும் இருக்க வேண்டும், முறைப்பாட்டுக்காரர் விரும்பும் மொழியில் வாக்குமூலம் எழுதப்பட வேண்டும் என்று கேட்டது.

காஞ்சன் சௌத்ரியின் கதை தொடங்கியதும் இதே மாதிரி ஒரு மேசையில்தான். எழுதப்படாத ஒரு முறைப்பாட்டிலிருந்து அவர் பொலிஸ் ஆனார். அவருக்குப் பின்னால் வந்த சந்தியாக்களும் தீப்திகளும் சீருடையை வாங்கிக்கொண்டார்கள், அந்த மேசையை அங்கேயே விட்டுவிட்டார்கள். ஒரு பழைய மேசை, இரண்டு நாற்காலி, ஒரு தடித்த புத்தகம், ஒரு பேனா. நாடகக்காரர்கள் போடும் எட்டுப் பேர் சாப்பாட்டு மேசையைவிட இந்தச் செட்டுக்குச் செலவு குறைவு.